40 எம்எம் பிளேட்: வெல்டிங் முடிந்து இரண்டு நாள் கழித்து கிராக் வருகிறது, உதவுங்கள்

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். 40 எம்எம் தடிமன், எஸ்ஏ 516 கிரேடு 70 பிளேட் (பிரஷர் வெசல், அதாவது அழுத்தம் தாங்கும் கலன் செய்யும் ஸ்டீல்), டபுள் வி ஜாயின்ட் (இரண்டு பக்கமும் வி வடிவில் வெட்டியது). ரூட் (அடி ரன்) 7018 ராடில், மேலே சப்மெர்ஜ்ட் ஆர்க் (ஃபிளக்ஸ் தூளுக்கு அடியில் அடிக்கிற வெல்டிங்). வெல்டிங் முடித்த அன்றே டிபி (மேற்பரப்புக் கிராக்கைக் காட்டும் சாய டெஸ்ட்) பார்த்தோம், சுத்தமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து யூடியில் (உள்ளே பார்க்கும் அல்ட்ராசோனிக் டெஸ்ட்) கிராக் காட்டுகிறது. கவுஜ் பண்ணி (கார்பன் ராடால் கெட்ட வெல்டைத் தோண்டி எடுத்து) திரும்ப அடித்தும் அதே கதை. ஆம்பியரைக் குறைத்துப் பார்க்கலாமா?

பதில்: குறைக்காதீங்க தம்பி, சீக்கிரம் ஆறி இன்னும் கெடும். கிராக் வெல்டுக்கு நடுவிலா, பிளேட் ஓரத்திலா? நடுவில் நீளமாக ஓடினால் பீடு (வெல்டு வரி) ஒடுக்கமாக, ஆழமாக விழுந்திருக்கும். அது சூட்டிலேயே வெடிக்கும், இரண்டு நாள் காத்திருக்காது.

கேட்டவர்: ஓரத்தில்தான் அண்ணா, பிளேட் பக்கம். ப்ரீஹீட் (அடிக்கும் முன் பிளேட்டைச் சூடாக்குவது) 100 டிகிரி கொடுக்கிறோம், தெர்மல் சாக் (குறிப்பிட்ட சூட்டில் உருகும் சாக்) உருகுகிறது. ராடு ஓவனில்தான் இருக்கிறது.

பதில்: அப்போ ஹைட்ரஜன் கிராக். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், ஆறின பிறகு மெதுவா வெடிக்க வைக்கும். சாக்கை டார்ச் காட்டுகிற பக்கமே தேய்த்தால் ஏமாத்தும். தீயை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, மறுபக்கம், ஜாயின்டிலிருந்து 75 எம்எம் தள்ளித் தேய்ச்சுப் பாருங்க. ஃபிளக்ஸ் எங்கே இருக்கு?

கேட்டவர்: ஹாப்பரிலேயே (மெஷினில் ஃபிளக்ஸ் கொட்டும் தொட்டி), ராத்திரி முழுக்க. இங்கே ஒரு வாரமா மழை.

பதில்: அதுதான் வில்லன். கையில் அள்ளிப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும், ஈரம் உள்ளே இருக்கும். கம்பெனி தாளில் போட்டிருக்கிற சூட்டில், பெரும்பாலும் 300–350 டிகிரியில் இரண்டு மணி நேரம், பேக் பண்ணி (ஓவனில் சுட்டுக் காயவைத்து) போடுங்க.

இன்னொருவர்: ரிப்பேருக்கும் ப்ரீஹீட் உண்டு, கவுஜிங்குக்கு முன்னாடியே சூடு ஏத்தணும். கார்பன் படிஞ்ச கறுப்பை கிரைண்டரில் பளபளன்னு எடுக்காமல் அடிக்காதீங்க. பிரஷர் வெசல்னா 38 எம்எம்முக்கு மேல் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (வெல்டு இறுக்கம் போக ஃபர்னஸில் சூடாக்குவது) கட்டாயம். ஃபர்னஸுக்குப் போகிற வரைக்கும் ஜாபைச் சும்மா ஆறவிடாதீங்க. கடைசி ரன் முடிஞ்ச சூட்டோடு 250–300 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைச்சு, பிளாங்கெட் போர்த்துங்க.

கேட்டவர்: சொன்ன மாதிரியே மறுபக்கம் தேய்த்தேன், சாக் உருகவே இல்லை. கோடு வெள்ளையாக அப்படியே நின்றது. இரண்டு பர்னர் வைத்துச் சூடு ஏற்றி, ஃபிளக்ஸையும் பேக் பண்ணி அடித்தோம். மூன்றாம் நாள் யூடி பார்த்தாச்சு, கிராக் இல்லை. ரொம்ப நன்றி அண்ணா.