பெரியப்பாவின் 80: சனிக்கிழமை என்ன படம்?

குழு: வெள்ளவத்தை வீட்டார்

ரஜனி மாமி: சனிக்கிழமை பெரியப்பாவுக்கு 80. கேக் சொல்லியாச்சு. எல்லோரோடும் இருந்து ஒரு படம் பார்க்க வேண்டுமாம். முழங்கால் நோ, தியேட்டர் வேண்டாமாம். யார் பொறுப்பு?

சுதன் லண்டன்: நான் பார்க்கிறேன் மாமி. இங்கே கர்சன் என்று தியேட்டர்கள் இருக்கின்றன, கலைப்படங்கள் நிறையப் போடுவார்கள். அவர்களே இணையத்தில் வீட்டுக்கும் படம் விடுகிறார்கள். சில படங்கள் தியேட்டரில் வருகிற அன்றைக்கே வீட்டிலும் வரும். நல்ல தெரிவு. எடுத்துத் தரட்டுமா?

பாமா அக்கா: ஓம் எடு

கௌரி மச்சாள்: பிறகு பாஸ்வேர்டை மாற்றிப்போட்டு இருக்காதே 😄

வினோ: அண்ணா, அது இங்கே திறக்காது. பிரிட்டன், அயர்லாந்து மட்டும்தான்.

சுதன் லண்டன்: அதற்குக் காரணம் இருக்கிறது. படத்தின் உரிமையை நாடு நாடாகத்தான் விற்பார்கள். கர்சன் வாங்குவது இந்தப் பக்கத்துக்கு மட்டும், கொழும்பில் காட்ட அவர்களுக்கே உரிமை இல்லை. கிரைட்டீரியன் சேனல் என்று இணையத்தில் படம் விடுகிற இன்னொரு சேவையும் அப்படித்தான், அமெரிக்கா கனடாவோடு சரி. 2020இல் கொரோனாவில் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தபோது கினோ லோர்பர் என்ற விநியோகக் கம்பனி என்ன செய்தது தெரியுமா? உங்கள் ஊர்த் தியேட்டரின் பெயரிலேயே இணையத்தில் டிக்கெட் விற்று, அந்தக் காசில் தியேட்டருக்கும் பங்கு கொடுத்தது. அதாவது வீட்டில் இருந்தே

பாமா அக்கா: தம்பி, சனிக்கிழமை

பெரியப்பா: நான் கேட்டது பொன்மணி. 1977. பத்திராஜா எடுத்தது. சிங்கள மனுஷன், யாழ்ப்பாணக் கம்பஸில் படிப்பித்தவர், தமிழிலேயே எடுத்தார். அதில் ஒரு ஒழுங்கையில் என் சைக்கிள் நிற்கிறது.

கௌரி மச்சாள்: சைக்கிள் தொடங்கிட்டுது 🙏

ராஜன் சித்தப்பா: அது என் சைக்கிள் அண்ணா. நீங்கள் இரவல் வாங்கினது.

பெரியப்பா: கரியர் உடைந்தது யாருடையது? படத்தைப் பார், தெரியும்.

வினோ: முபி என்று இணையத்தில் படம் விடுகிற ஒரு சேவை இருக்கிறது, அது இங்கே ஓடும். முதல் சில நாள் இலவசமாக விடுவார்கள். ஆனால் கார்ட் இலக்கம் கேட்கும். பொன்மணி அதில் இருக்கிறதா என்று இன்றிரவு பார்க்கிறேன்.

ரஜனி மாமி: யாருடைய கார்ட்?

ரஜனி மாமி: ??

கௌரி மச்சாள்: கேக் காசே இன்னும் என் கைக்கு வரவில்லை, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ

சுதன் லண்டன்: கார்ட் நான் தருகிறேன். முபி 2007இல் தொடங்கியது. முந்தி நாளுக்கு ஒரு படம் வரும், ஒவ்வொன்றும் 30 நாள்தான் நிற்கும். பிறகு 2020இல்

பாமா அக்கா: புரொஜெக்டர் யாரிடம்?

வினோ: ராஜன் சித்தப்பா வீட்டில். சாந்தி அக்காவின் கல்யாணத்திலிருந்து.

ராஜன் சித்தப்பா: நான் அப்பவே கொடுத்தாச்சு

வினோ: யாரிடம்?

பெரியம்மா: சனிக்கிழமை நான் விரதம். மரக்கறி ரோல்ஸ் தனிப் பெட்டியில் வர வேண்டும். போன முறை மீன் ரோல்ஸோடு கலந்து தந்தவர்கள்.

பாமா அக்கா: 20 மரக்கறி, 30 மீன்?

கௌரி மச்சாள்: மீன் 40. சித்தப்பா வருகிறார்.

ராஜன் சித்தப்பா: 😡

வினோ: பொன்மணி கிடைக்காவிட்டால் வேறு என்ன பார்ப்பார் பெரியப்பா?

பெரியப்பா: கிடைக்கும். நீ வடிவாகத் தேடவில்லை.

சுதன் லண்டன்: அண்ணா ஒருவர் இங்கே திரைப்பட ஆவணம் ஒன்றில் வேலை செய்கிறார், நாளைக்கு அவரிடமும் கேட்கிறேன். மாமி, எத்தனை மணிக்கு?

ரஜனி மாமி: நாலு மணி. ஐந்தாகவும் இருக்கலாம்.