மறு: ஃபுல் கட்-ஆஃப் தெருவிளக்கு – ‘கவிழ்விளக்கு’ சரியா வருமா?

> ‘முழுத்தடுப்பு ஒளியமைவு’ துல்லியமா இருக்கே. ‘கவிழ்விளக்கு’ன்னா வண்டி கவுந்த மாதிரி அபசகுனமா கேக்குது.

வணக்கம் ஐயா,

ஃபுல் கட்-ஆஃப், அதாவது மேல வெளிச்சம் போகவிடாத தெருவிளக்குக்கு, ‘முழுத்தடுப்பு ஒளியமைவு’தான் துல்லியம்னு நீங்க சொல்றது புரியுது, ஆனா எதைத் தடுக்குதுன்னு அந்தப் பேர்ல இல்லையே, கேக்கறவங்க வெளிச்சமே வராத லைட்டுன்னு நினைச்சுக்குவாங்க. ஃபிட்டிங்கோட அடிக்கண்ணாடி தட்டையா இருந்து, அதைத் தரைக்கு இணையா மாட்டினா, கிடைமட்டத்துக்கு மேல நேரா வெளிச்சம் போகாது, எல்லாம் கீழ்ப்பக்கமாத்தான் விழும். அதே ஃபிட்டிங்க சாய்ச்சு மாட்டிட்டா பேரு மட்டும்தான் கட்-ஆஃப், வெளிச்சம் எதிர்வீட்டு மாடிக்குப் போயிரும். அதனால எப்படி மாட்டணும்ங்கறதே பேர்ல இருக்கணும்னு நான் நினைக்கறேன், ‘கவுத்து மாட்டுங்க’ன்னா எந்த எலெக்ட்ரீசியனுக்கும் புரியும்.

அபசகுனம்ங்கறதுக்கு: கவிழ்தும்பை இருக்கே! பூ தரையப் பாத்து தொங்கறதால வந்த பேரு, அதை யாரும் கெட்டதா நினைக்கல, மருந்துக்குத்தான் பறிக்கறாங்க.

அக்கா சொன்ன ‘குடைவிளக்கு’ அழகான சொல்லுதான், ஆனா குடை மாதிரி மூடி போட்டு பல்பு மட்டும் கீழ நீட்டிக்கிட்டு இருக்கற பழைய லைட்டையும் ஜனங்க அப்படித்தான் சொல்லுவாங்க, அது பக்கவாட்டுல கண்ணுல அடிக்கும், அதனால வேணாமே.

கொடைக்கானல்ல எங்களுக்கு இது வெறும் சொல் பிரச்சினை இல்ல. ஏரிப்பக்கம் மேகம் இறங்குற ராத்திரில வந்து பாருங்க, பக்கவாட்டுலயும் மேலயும் போற வெளிச்சமெல்லாம் நீர்த்துளில பட்டு சிதறி வெள்ளைத் திரை கட்டின மாதிரி நிக்கும், கம்பத்தடியில ரோடு மங்கலாத்தான் தெரியும். காட்டுமாடு தெருவுக்குள்ள திரியுற ஊரு, லைட்டு கூடினா பாதுகாப்புன்னு 6500 கெல்வின் லைட்ட (நீலம் கலந்த வெள்ளை) மூஞ்சில அடிக்கற மாதிரி மாட்டிடறாங்க, கண்ணு கூசி, அடுத்த இருட்டுல நிக்கற மாடு கிட்டப் போற வரைக்கும் தெரியறதில்ல. தெளிஞ்ச வானத்துல நீலம் கலந்த வெள்ளைதான் அதிகமா சிதறும், விட்டில் பூச்சியும் அதுக்குத்தான் கூடுதலா வரும், அதனால மஞ்சள் பக்கமா இருக்கற 3000 கெல்வினும் அதுக்குக் கீழயும் நல்லது. ஆனா அடர்ந்த மேகத்துக்குள்ள மஞ்சளும் வெள்ளையும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் சிதறும், கலர மட்டும் மாத்தினா பத்தாது, கவுத்தியே ஆகணும். கலருக்கு புதுச்சொல் தேவையே இல்ல, கடையில ‘மஞ்ச லைட்’னு கேட்டா எடுத்துக் குடுக்கறாங்க.

லடாக் ஹான்லேல 2022ல அறிவிச்ச மாதிரி, ராத்திரி வானம் இருட்டா இருக்கணும்னு வெளிச்சத்தக் கட்டுப்படுத்தி வைக்கற இடத்துக்கு ‘இருள்வான் காப்பகம்’னு இன்னொரு அண்ணன் எழுதினது எனக்குப் பிடிச்சிருக்கு, அத அப்படியே வச்சுக்கலாம்.

வரையறை இப்படி எழுதிருக்கேன்: “கவிழ்விளக்கு – கிடைமட்டத்துக்கு மேல் நேரடி ஒளி செல்லாதபடி அமைத்து, தரையை நோக்கி மாட்டப்படும் வெளிப்புற விளக்கு.” ‘நேரடி’ங்கறது கண்டிப்பா இருக்கணும், ரோட்டுல பட்டுத் திரும்பற வெளிச்சத்த எந்த ஃபிட்டிங்காலயும் நிறுத்த முடியாது. நகராட்சிக்குக் குடுக்கற மனுவுல இதத்தான் சேர்க்கப் போறோம், மாத்தணும்னா இந்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்க ஐயா.