முத்தம்மா அம்மையார் பற்றிப் பழைய தாள்கள் யாரிடமாவது உண்டா?

வணக்கம். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி. பி. முத்தம்மாவைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசப்போகிறேன். குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949-இல் பணியில் சேர்ந்து, 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார். அப்புறம் பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் உச்ச நீதிமன்றம் போனார். அந்தக் காலத்தில் அந்தப் பணியில் இருந்த பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்ததாம்! 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகச் சாடினார். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அம்மா வெட்டி வைத்த ஒரு நாளிதழ்த் துண்டுதான் கையில் இருக்கிறது. மடிப்பில் மை அழிந்து பாதி வரி தெரியவில்லை. மாநிலக் கல்லூரியின் பழைய ஆண்டு மலர், 1982-இல் ஓய்வு பெற்றபின் அவர் கொடுத்த பேட்டி, எது இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள்.