பலகைச் சாலையைக் கெடுத்தது ரயிலாம்!

மைல்கல்: நேற்று இங்கே ஒருவர், "அமெரிக்காவில் அந்தக் காலத்தில் தனியார் மண் வழியில் மரப்பலகை பரப்பிப் போட்ட பலகைச் சாலைகள் ஜோராக ஓடின, ரயில் வந்துதான் கெடுத்தது" என்று எழுதியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. எட்டு வருடம் உழைக்கும் என்று நம்பிப் பலகை போட்டார்கள், நாலைந்து வருடத்திலேயே மக்கிவிட்டது. கதை அவ்வளவுதான்.

ரயில்பிரியன்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 1846இல் சிரக்யூஸ் பக்கம் சலைனாவிலிருந்து சென்ட்ரல் ஸ்கொயர் வரை முதல் சாலை. அதுவரை சேற்றில் அச்சு வரை புதைந்த வண்டிகள். அடுத்த வருடமே பலகைச் சாலைக்கென்று தனிச் சட்டம், பத்தே வருடத்தில் நியூயார்க் மாநிலத்தில் மட்டும் 3,000 மைலுக்கு மேல். ஊர்க்காரர்கள் சொந்தக் காசைப் போட்டார்கள். எல்லாரும் முட்டாள்களா?

மைல்கல்: முட்டாள் என்று நான் எங்கே சொன்னேன்? எட்டு வருடக் கணக்கு சொன்னவர் பொறியாளர் ஜார்ஜ் கெடஸ். கனடாவில் டொரொன்டோ பக்கம் போட்டுச் சில வருடமே ஆன சாலைகளை வைத்து ஆயுள் ஜோசியம்!

தச்சன்மகன்: எந்த மரம் என்று ஒருவராவது கேட்டீர்களா? ஹெம்லாக், ஊசியிலை மர வகை. ஈரம் பட்டால் போச்சு. எங்கள் வீட்டுத் தேக்கு நிலை மூன்று தலைமுறையாக நிற்கிறது.

ரயில்பிரியன்: வந்துவிட்டார். போன மாதம் மரப்பாலத் திரியிலும் இதே தேக்கு.

தச்சன்மகன்: அந்தத் திரியில் "உளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்" என்று என்னைச் சொன்னது யார்? நான் மறக்கவில்லை.

வழிப்போக்கன்: ஒரு நிமிடம். "கெட்டது" என்றால் என்ன? பங்குதாரருக்கு ஈவுத்தொகை நின்றதா, சாலையே போனதா? விவசாயிக்குச் சந்தைக்கு நல்ல வழி கிடைத்ததே, அது எந்தக் கணக்கு?

மைல்கல்: அதெல்லாம் அப்புறம். நாலைந்து வருடம், முதலில் அதற்குப் பதில் வரட்டும். எட்டடிப் பலகை, மூன்று நாலு அங்குலக் கனம், அடியில் நீளவாட்டில் கட்டைகள், எல்லாம் ஈர மண்ணோடு ஒட்டிக் கிடந்தால் மக்காமல் என்ன செய்யும்? சுங்கம் கட்டாமல் சாவடிக்கு முன்பே ஒதுங்கிச் சுற்றுவழியில் போன வண்டிகள் வேறு, அந்த வழிக்கு 'ஷன்பைக்' என்று பேரே உண்டு. பலகை மாற்றும் நேரம் வந்தபோது கம்பெனியில் காசில்லை.

ரயில்பிரியன்: வட கரோலினாவில் ஃபயட்வில் முதல் பெத்தானியா வரை 129 மைல். 1856இல் ரயில் பாதை போட்டு முடித்தார்கள், சாலையில் வருமானம் சரிந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மைல்கல்: அந்தச் சாலையில் ஐந்தில் மூன்று பங்கு மாநில அரசின் காசு, அதையா தனியாருக்கு உதாரணம் காட்டுகிறீர்கள்! அங்கேயும் பலகை மக்கத்தான் செய்தது. நியூயார்க்கில் பல சாலைகள் கால்வாய்க்கும் ரயிலடிக்கும் சரக்கு கொண்டுபோகத்தான் போட்டார்கள், அதில் எங்கே போட்டி? நாலைந்து வருடம், சார்.

ரயில்பிரியன்: கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லுங்கள். 1856. நானும் அதையே சொல்கிறேன்.

தச்சன்மகன்: உளி விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.