செங்கோட்டை முதல் புனலூர் வரை: நடுவில் இறங்கியவர்கள் சொல்லுங்கள்

கோவில்பட்டிக்காரன்

குற்றாலத்துக்கு இருபது தடவையாவது போயிருப்பேன். கொல்லத்துக்கு வேலை விஷயமாக மாதம் ஒருமுறை போவேன். இரண்டுக்கும் நடுவே செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை கிடக்கும் ஐம்பது கிலோமீட்டரை மட்டும் ஜன்னல் வழியாகவே பார்த்துப் பழகிவிட்டது, அதுவும் பாதித் தூக்கத்தில்.

போன ஆனியில் பஸ் புளியரை எஸ் வளைவில் மூச்சிரைத்து நின்றுவிட்டது. மாற்றுப் பஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். வேறு வழியில்லாமல் இறங்கி, வந்த வழியே கொஞ்சம் நடந்தேன். கீழே வயல்களில் கார் நடவு நடந்துகொண்டிருந்தது. மலை உச்சி தெரியவில்லை, மேகம் பாதி மலை வரை இறங்கியிருந்தது. மழை என்று சொல்ல முடியாது. சட்டை நனையாது, ஆனால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் சாரல்.

வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, “என்ன ஐயா, வண்டி மலையேற மாட்டேங்குதோ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “கொஞ்சம் நில்லுங்க, ரயிலு வரும். அதுக்கே முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு ரெண்டு எஞ்சின் வேணும். உங்க பஸ்ஸைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?”

சொன்னபடியே வந்தது. முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, நடந்து போகிறவன் எட்டிப் பிடித்துவிடுகிற வேகத்தில் மலைக்குள் நுழைந்தது. இத்தனை வருஷம் அதற்குள் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேனே என்று இருந்தது. இந்தப் பாதையில் வேண்டுமென்றே இறங்கியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

தறிவீட்டு மருமகள், மதுரை

எங்களுக்கு ஆரியங்காவு சம்பந்தி வீடு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அங்குள்ள ஐயப்பன் கோயிலில் மதுரை சௌராஷ்டிரர்களைச் சம்பந்தியாகத்தான் வரவேற்பார்கள். பட்டு வியாபாரி ஒருவர் மகள் புஷ்கலையோடு திருவிதாங்கூருக்குக் கிளம்பினாராம். காட்டுக்குப் பயந்து மகளை ஆரியங்காவில் பூசாரி வீட்டில் விட்டுவிட்டு மேலே நடந்திருக்கிறார். வழியில் மதயானை துரத்த, ஒரு வேடன் வந்து காப்பாற்றினான். நன்றிக்கு ஒரு பட்டைக் கொடுத்துவிட்டு வந்தவர், திரும்பும்போது கோயிலில் பார்த்தால் அதே பட்டு ஐயன் மேல்! மகளும் அவரையே மணந்துகொண்டாள் என்பது கதை. அதனால் வருஷாவருஷம் மார்கழியில் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டாராக நாங்கள் சீர் கொண்டுபோகிறோம்.

கல்யாணமான புதிதில் மாமியாரோடு முதல் தடவை போனேன். கோயில் சாலை மட்டத்தைவிட நல்ல பள்ளத்தில் இருக்கிறது, படி இறங்கித்தான் போக வேண்டும். தாம்பாளத்தில் பட்டும் பழமும் சுமந்து, ஈரப் படியில் கால் வழுக்கிவிடுமோ என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறேன். எதிரே வந்த கோயில்காரர் ஒருவர் மலையாளம் கலந்த தமிழில், “மெதுவா வரணும், சம்பந்தி விழுந்தால் எங்களுக்கல்லவா குறைச்சல்” என்று கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார். மாமியாருக்கு முகம் பூரித்துவிட்டது. என் சொந்தக் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வீட்டார் அப்படிக் கவனித்ததில்லை, அது வேறு கதை.

கூட்டம் இல்லாத நாளில் போகிறவர்கள் அப்படியே குளத்துப்புழைக்கும் போய் வாருங்கள். அங்கே ஐயப்பன் பாலகன். கோயிலை ஒட்டி ஓடும் கல்லடை ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடலாம். போட்ட அடுத்த நொடி தண்ணீர் கறுப்பாகிவிடும், அவ்வளவு மீன். யாரும் பிடிப்பதில்லை.

மீட்டர்கேஜ் பைத்தியம்

ரயில் ஆட்கள் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1904-ல் திறந்த பாதை இது. மீட்டர்கேஜ் வண்டி 2010 செப்டம்பரோடு நின்றது. அந்தக் கடைசி வாரத்தில் போனேன். அகலப்பாதை முழுதாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. பெரிய குகை பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில். இந்தப் பக்கம் நுழையும்போது வெயில் அடித்தால், அந்தப் பக்கம் வெளியே வரும்போது ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும். தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத்தான் நமக்குச் சாரலாக அனுப்புகிறது. குகைக்குள் ஓவென்று கத்துவது எல்லா வயதினருக்கும் பொது.

எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பதிமூன்று வளைவுகள் கொண்ட ரயில் பாலமான பதிமூன்று கண்ணறைப் பாலத்தைப் பார்க்க ரயில் ஏறுவது. ரயிலில் இருந்தால் நாம் பாலத்தின் மேல் அல்லவா இருப்போம், எதைப் பார்ப்பது? அதைச் சாலையிலிருந்துதான் பார்க்க வேண்டும். கழுதுருட்டி தாண்டித் தென்மலை போகும் வழியில், ரோட்டை ஒட்டியே இருக்கிறது. கருங்கல் தூண்கள், பாசி பிடித்த வளைவுகள், கீழே ஆறு.

நான் வண்டி நேரம் தெரியாமல் அங்கே காத்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர், இடுப்பில் கத்தி, கையில் வாளி, பக்கத்தில் வந்து நின்றார். எதற்கு நிற்கிறேன் என்று கேட்டவர், “இன்னும் ஒரு பீடி நேரம் இருக்கு” என்றார். பீடியைப் பற்றவைத்து, சாவகாசமாகக் குடித்து, காலடியில் நசுக்கினார். வண்டி வளைவில் தலை காட்டியது. என் கைப்பேசியில் இருந்த செயலி அப்போதும் இருபது நிமிடம் தாமதம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு யோசனை: சென்னையிலிருந்து வரும் கொல்லம் வண்டி மலையை இருட்டில் கடந்துவிடும். மதுரை – குருவாயூர் வண்டி பகலில் போகிறது, அதைப் பிடியுங்கள். நேரத்தைக் கிளம்பும் முன் ஒருதரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அல்வா ஊர்

எல்லாரும் நல்லதே சொல்கிறீர்கள். நான் பட்டதையும் கேளுங்கள்.

ஆடி மாதச் சனிக்கிழமை, குடும்பத்தோடு பாலருவி. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் வெள்ளம், குளிக்கத் தடை. சரி, அது இயற்கை. திரும்பிக் குற்றாலம் பக்கம் வந்தால், முன்பணம் கட்டி வைத்திருந்த அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். “நீங்க எட்டு மணிக்குள்ள வரலையே” என்று பதில். எட்டு மணிக்குள் வர வேண்டும் என்று யாரும் சொல்லவே இல்லை. பணத்தைத் திருப்பி வாங்க ஒரு மணி நேரம் வாய்ச்சண்டை. சீசன் வார இறுதியில் போகிறவர்கள் ரசீதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய் வார்த்தையை நம்பாதீர்கள்.

பசியோடு பிரானூர் பார்டரில் போய் உட்கார்ந்தோம். வாழை இலையில் பிய்த்துப் போட்ட பரோட்டா, மேலே சால்னா, பக்கத்தில் மிளகு தூக்கலாக நாட்டுக்கோழி. என் பையன், “அப்பா, கேரளா எல்லை இங்கே இல்லையே, இதை ஏன் பார்டர்னு சொல்றாங்க?” என்றான். நான் விழித்தேன். பக்கத்து மேஜைப் பெரியவர் கோழிக் காலைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். “தம்பி, 1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் - கொச்சி. பார்டர் இங்கதான் இருந்தது. நான் பொறந்தது மகாராஜா ஊர்ல, வளந்தது தமிழ்நாட்டுல. ஆனா ஒரே வீடு, ஒரே திண்ணை.”

அன்றைக்குக் காரிலேயே தூங்கினோம். பையன் இன்றைக்கும் அந்தப் பயணத்தைத்தான் நல்ல பயணம் என்கிறான்.

புனலூர்ப் பக்கம் வேலை

தென்மலை மான் பூங்கா, படகு எல்லாம் குழந்தைகளோடு போனால் சரி. பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் அலுக்கும். அதற்குப் பதில் புனலூர்த் தொங்கு பாலத்துக்கு வாருங்கள். 1877-ல் கட்டி முடித்தது, இப்போது நடந்து மட்டும் போகலாம். கட்டிய எஞ்சினியர் ஆல்பர்ட் ஹென்றி, பாலத்தின் மேல் யானைகளை நடக்கவிட்டு, தான் குடும்பத்தோடு கீழே படகில் உட்கார்ந்திருந்தாராம். உள்ளூரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். யானை எத்தனை என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

கோவில்பட்டிக்காரன்

நன்றி. இதையெல்லாம் படித்துவிட்டுப் போன வாரம் வீட்டம்மாவோடு கிளம்பினேன். கண்ணறைப் பாலத்தடியில் நாற்பது நிமிடம் நின்றோம். பீடிக்காரர் இல்லாததால் வண்டி எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. தொங்கு பாலத்தில் பலகை அதிரும் என்று அவள் பாதியில் திரும்பிவிட்டாள். காவலாளியிடம் யானைக் கணக்கைக் கேட்டேன், ஆறு என்றார். வெளியே டீக்கடையில் ஏழு.

அடுத்தது மேக்கரை வழியாக அச்சன்கோவில், அப்படியே கும்பாவுருட்டி அருவி. காட்டுப் பாதையாமே, சின்ன கார் தாங்குமா? மழைக்குப் பிறகு போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.