மெரினா குதிரையும் எங்கள் ஊர்ப் புல்லும்

விலங்குகளோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டதற்கு, இங்கே எல்லோரும் மாடு, ஆடு, நாய் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவம் ஒரு குதிரையோடும் அதை வளர்க்கிற அண்ணனோடும்.

எனக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். அப்பாரு (தாத்தா) காலத்திலிருந்தே எங்களுக்குக் கொறங்காடு உண்டு. மாட்டுக்கென்றே விட்ட மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காலையில் படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டால் சாயங்காலம் வரைக்கும் ஆள் நிற்க வேண்டியதில்லை. வெயில் ஏறினால் மாடு தானே மரத்தடிக்குப் போகும், காய் உதிர்ந்து கிடந்தால் அதையும் தின்னும். மழை பொய்த்த வருஷம் மாட்டைக் குறைப்பார் அப்பாரு. காட்டை மட்டும் உழ விடமாட்டார்.

இப்படி வளர்ந்ததால், சென்னைக்கு வந்த புதிதில் மெரினாவில் குதிரைகளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஒரு புல் பூண்டு இல்லாத இடத்தில் குதிரையை வைத்து என்ன பிழைப்பு என்று தோன்றும்.

2 வருஷத்துக்கு முன்பு மகள் அடம்பிடித்தாள் என்று ஒரு வெள்ளைக் குதிரையில் ஏற்றிவிட்டேன். பெயர் ராணி. ஒரு சுற்று வந்து நின்றதும் லத்தி போட்டது. குதிரைக்கார அண்ணன் அதிலிருந்து இரண்டு உருண்டையை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்தார். கொஞ்ச நேரம் தெளிய விட்டு மேல்தண்ணீரை மெதுவாகச் சாய்த்தார். அடியில் ஒரு பிடி மணல்.

"பாத்தீங்களா சார், இவ்ளோவும் வயித்துக்குள்ள இருந்தது" என்றார்.

வருகிறவர்கள் பாசத்தில் சுண்டலும் சோளக்கதிரும் மணலில் போட்டுவிட்டுப் போவார்களாம். அது பொறுக்கித் தின்னும்போது மணலும் உள்ளே போகும். குடலில் தங்கினால் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, முற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் அவர் கொள்ளையும் தவிட்டையும் கீழே போடுவதே கிடையாது. பையில் போட்டு முகத்தில் கட்டிவிடுவார்.

அன்றைக்கு என் கோபம் போய்விட்டது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலைகளில் போக ஆரம்பித்தேன். நடைப் பயிற்சியை அலையோரத்து ஈர மணலில்தான் தருவார். காய்ந்த மணலில் கால் புதையும், ஓட்டினால் நரம்பு இழுத்துக்கொள்ளும். எந்த இடம் கெட்டி, எங்கே புதையும் என்று காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் குதிரையை நடத்துவார். அப்பாரு வேலியோரம் நடந்து புல்லைப் பார்ப்பது அப்படியே கண்முன்னால் வந்தது.

பெரிய கஷ்டம் புல்தான். ராத்திரி வண்டியில் போய்க் காலிமனைகளில் அறுத்துக் கட்டி வருவார். போன வருஷம் அறுத்த மனையில் இந்த வருஷம் அஸ்திவாரம் தோண்டியிருப்பார்கள். மீதிக்கு வைக்கோல், காசுக்கு. மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் நாமெல்லாம் புலம்புவோம். அவர் "இன்னும் 10 நாள்ல புல்லு வந்துடும்" என்பார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆசையாகக் கொழுக்கட்டைப் புல் ஒரு கட்டு கொண்டுவந்தேன். எங்கள் காட்டுப் புல்லை ராணி தின்பதைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அண்ணன் முகர்ந்து பார்த்தார், ஒரு கைப்பிடி மட்டும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்து வைத்தார். புதுத் தீனி எதையும் அவர் கேட்காமல் போடமாட்டார். மறுநாள் இருவரும் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய்க் கேட்டோம். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. மாடு இந்தப் புல்லைச் சமாளிக்கும், குதிரைக்கு இதையே முழுத் தீனியாகப் போட்டால் உடம்பில் சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு கெடும், எப்போதாவது ஒரு பிடி போதும் என்றார் டாக்டர். எனக்கு மனசு வாடிவிட்டது. எங்கள் மண்ணின் புல் எங்கள் மாட்டுக்கு எவ்வளவு பொருத்தம் என்பது எனக்குத் தெரியும். அது இன்னொரு உயிருக்கு ஆகாது என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்: "உங்க ஊர்ல கொள்ளு வெளையுமா?"

விளையும். மானாவாரியில் எங்களுக்கு அதுதானே. இப்போது ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஒரு சிப்பம் கொள்ளு வருகிறது. அவர் ஊறவைத்து ஒரு கையில் கொள்ளும் மறு கையில் கடிவாளமும் பிடித்துக்கொண்டு நிற்பார். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று பழமொழி சொல்வார்களே, ராணி இரண்டுக்கும் சேர்த்தே வாயைத் திறக்கிறது. போன வாரம் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை, சத்தம் கேட்டு இரண்டு காதும் என் பக்கம் திரும்பிவிட்டன.