தொற்றுநோய்க் காலமும் மகளிர் குழுக்கடனும்: கடன் வாங்குமுன் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி (சென்னிமலை):
வீட்டிலேயே மிஷின் போட்டுப் போர்வைக்கு ஓரம் அடித்தும் தலையணை உறை தைத்தும் கொடுக்கும் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, மைக்ரோ பைனான்ஸில் குழுக்கடன் வாங்க யோசிக்கிறோம். 2020 ஊரடங்கின்போது எங்களில் சிலர் இப்படிப்பட்ட கடனில் இருந்தார்கள். தவணை தள்ளிவைக்கப்பட்டதாகச் சொன்னார்கள்; ஆனால் மறுபடி கட்டத் தொடங்கியபோது பாக்கி கூடியிருந்தது. இன்னொரு தொற்றுநோய் வந்தால் எங்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

பதில் 1 (ஈரோடு, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்):
அம்மணி, தவணையைத் தள்ளிவைத்தார்களே தவிர வட்டியை நிறுத்தவில்லை. 2020 மார்ச் 1 முதல் மூன்று மாதத்துக்கு அனுமதி தந்த ரிசர்வ் வங்கி, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் ஒருவருக்கு 30,000 ரூபாய் பாக்கி நின்றதாக வைத்துக்கொண்டால், அந்த ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் 3,600 ரூபாய் ஏறியிருக்கும். வட்டிக்கு வட்டியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கில் அது 200 ரூபாய்கூடத் தேறாது. 2021இல் இரண்டாம் அலையின்போது பொதுவான ஒத்திவைப்பே இல்லை. அந்த ஜூன் மாதம் பிற மாவட்டங்களுக்குத் தளர்வு கிடைத்தபோதும், கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் கட்டுப்பாடு நீடித்ததால், நம் பகுதிக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. கூட்டுறவு வங்கிகளில் சுய உதவிக் குழுக்கள் வாங்கிய கடனை மாநில அரசு தள்ளுபடி செய்தது. மைக்ரோ பைனான்ஸ் கடன் அதில் சேரவில்லை.

பதில் 2 (திருப்பூர், பவர் டேபிள் தையல்):
வட்டியைவிடக் கூட்டுப் பொறுப்புதான் எங்களை வாட்டியது. ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து அவள் தவணையைக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் குழுக்கடன் நிற்கிறது. பனியன் கம்பெனிகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது எங்கள் குழுவில் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. வீட்டுக்காரர்களுக்கும் அதே கம்பெனிகளில்தான் வேலை. தைத்து முடித்த பீஸ்கள் மூட்டை மூட்டையாக வீட்டுக்குள் கிடந்தன. ஜாப் ஒர்க் கொடுத்தவர் எடுத்துப் போகவும் இல்லை, கூலி தரவும் இல்லை. வசூலுக்கு வந்தவர், பணம் முழுதாகச் சேரும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது என்று எங்களைக் குழுத்தலைவி வீட்டுத் திண்ணையில் இருட்டும்வரை உட்காரவைத்தார். தோட்டை அடகு வைத்து இன்னொருத்தியின் தவணையைக் கட்டியவர்களும் எங்களில் உண்டு. ஆகவே பத்துப் பேரும் ஒரே தொழிலில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்காதீர்கள்.

பதில் 3 (கரூர், குழுப் பயிற்சியாளர்):
திருப்பூர் சகோதரி சொல்வதே முக்கியமான செய்தி. ஊரடங்கிலும் சொசைட்டியில் பால் எடுத்தார்கள். அதனால் கறவை மாடு வைத்திருந்தவர்களுக்கும், வீட்டோடு இட்லி மாவு விற்றவர்களுக்கும் ஓரளவு பணம் புரண்டது. குழுவில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கட்டும். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கூலி எப்போது கைக்கு வருகிறதோ அதற்கேற்ற தவணை கேளுங்கள். மாதம் ஒருமுறை கூலி வாங்குபவர்களுக்கு வாரத் தவணை ஒத்துவராது.

பதில் 4 (திருப்பூர், பவர் டேபிள் தையல்):
மாடு வைத்திருப்பவர் எங்களுக்காக ஏன் ஜாமீன் நிற்க வேண்டும் என்று அவர் வீட்டில் கேட்பார்கள், அது நியாயமும்கூட. கடனுக்கு முன்பே குழுவாகச் சேமித்து, இரண்டு மாதத் தவணைக்கான பணத்தைக் குழுவின் பெயரில் வங்கியில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதைச் சேர்க்க முடியவில்லை என்றால், கடன் தொகையைக் குறைத்துக் கேளுங்கள்.